யார் வீட்டு நியாயம்?

2015இல் ‘பாபநாசம்’ வந்தபோது, சுயம்புலிங்கம் மாட்டிக்கக் கூடாதே என்று ஜொகூர் பாரு தியேட்டரே தவித்தது. நானும்தான். அகதா கிறிஸ்டியின் 1934 நாவலில், ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலையாளிகளை புவாரோ விட்டுவிடும்போதும் எனக்கு அதே நிம்மதி.

அப்புறம் எங்கள் தாமானில் ஒரு பையனை மோதிவிட்டு ஒரு கார் நிற்காமல் போனது. பையன் பிழைக்கவில்லை. ஓட்டியவன் இன்றுவரை சிக்கவில்லை. அவனையும் யாரோ ஓர் அப்பா பாசத்தோடுதான் மறைத்து வைத்திருப்பார்.

இரண்டும் ஒன்றல்ல, தெரியும். படத்தில் செத்தவன் செய்தது அயோக்கியத்தனம். ஆனாலும் போன வாரம் மறுபடி பார்த்தபோது, மகனைத் தேடும் கீதாவை விட்டு என் கண் நகரவில்லை. கதை யார் வீட்டுக்குள் நம்மை உட்கார வைக்கிறதோ, அந்த வீட்டு நியாயம்தான் நமக்கும் நியாயம். சுயம்புலிங்கம் செய்தது தப்பு என்று இப்பவும் சொல்ல மாட்டேன். கைதட்டத்தான் முடியலை.