கயிறு பிடித்தவன் கடமை



பத்துக் கட்டளைகளைக் கொண்டு ஆத்தும சோதனை செய்யும்போது நம்மில் அநேகர் ஐந்தாம் கட்டளையருகே அதிக நேரம் தங்குவதில்லை. நாம் யாரையும் வெட்டவில்லை, குத்தவில்லை, விஷம் வைக்கவில்லை. ஆகையால் கோபம், சண்டை, வசைச்சொல் ஆகியவற்றை மட்டும் நினைத்துப் பார்த்துவிட்டு ஆறாம் கட்டளைக்குப் போய்விடுகிறோம். இந்த வாரம் அந்தக் கட்டளையருகே சற்று நின்று ஒரு கேள்வியை உங்களோடு ஆராய விரும்புகிறேன். வண்டி ஓட்டிக்கொண்டே செல்போனில் பேசுகிறவன், அல்லது அதைக் குனிந்து பார்க்கிறவன், யாதொரு விபத்தும் நேராமல் சுகமாய் வீடு வந்து சேர்ந்தால், அவன் பாவம் செய்தானா, இல்லையா?

கேள்வி அற்பமானது என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ச் சாலைகளை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போவதும் வருவதுமான கண்டெய்னர் லாரிகள், காற்றாலை இறக்கைகளைச் சுமந்துவரும் நீண்ட வண்டிகள், உப்பு லாரிகள். அவற்றின் ஓரமாக, விடியுமுன்னே உப்பளத்து வேலைக்குப் போகும் பெண்கள். மீன் ஏலத்துக்கு ஓடுகிறவர்கள். திருச்செந்தூர்ச் சாலையில் பாதயாத்திரைக்காரர்கள். முன்னே ஒரு பிள்ளை, பின்னே மனைவி, அவள் மடியில் கைக்குழந்தை என்று ஒரே மோட்டார் சைக்கிளில் வரும் குடும்பங்கள். 2022-ம் ஆண்டில் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசாங்கத்தின் கணக்குச் சொல்லுகிறது. அவர்களில் 17,884 பேர் நம் தமிழ்நாட்டில் மாண்டவர்கள். ஓட்டுகிறவர் செல்போன் உபயோகித்ததே காரணம் என்று எழுதப்பட்ட மரணங்கள் தேசமெங்கும் மூவாயிரத்துக்கு மேல். இது எழுதப்பட்ட கணக்கு மாத்திரமே. மோதிய பிறகு, "நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று தானாக ஒப்புக்கொள்ளுகிறவன் எத்தனை பேரில் ஒருவன் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடலை நம்பிப் பிழைக்கும் நமக்கு இந்தக் கேள்வியை விளக்க வெளியூர் உவமை தேவையில்லை. நம் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ம் ஆண்டில். அதைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்று சிலரே. ஆனாலும் அது நடந்த விதத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குளியாள் கனமான கல்லில் கால் வைத்து ஆழத்தில் இறங்குவான். அவனுக்குரிய கயிற்றின் மறுமுனை தோணியில் நிற்கிறவன் கையில் இருக்கும். கீழே அவன் மூச்சடக்கி இருக்கக்கூடிய நேரம் ஏறக்குறைய ஒரு நிமிஷமே. கயிறு அசைந்தது என்று கை உணர்ந்த மாத்திரத்தில் மேலே இழுக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பார்கள் என்று நம் கடற்கரையில் சொல்லிவருகிறார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை எந்தச் சகோதரன் விரும்புவான்?

இப்பொழுது யோசியுங்கள். கயிறு பிடித்தவன் அடுத்த தோணிக்காரனோடு வேடிக்கை பேசத் திரும்பினான். அரை நிமிஷம் அவன் கவனம் கயிற்றில் இல்லை. நல்லவேளையாக அந்த அரை நிமிஷத்தில் கயிறு அசையவில்லை. குளியாள் பிழைத்தான். கயிறு பிடித்தவன் குற்றமற்றவனா? அவனை அந்த நிலையில் கண்ட எவனாவது மறுநாள் தன் கயிற்றை அவனிடம் கொடுப்பானா? கொடுக்கமாட்டான். ஒருவரும் சாகவில்லையென்றாலும், அவனை நம்பிக் கொடுக்கப்பட்ட உயிரை அவன் கைவிட்டுவிட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். குளியாள் பிழைத்தது சர்வேசுரனுடைய தயவு. அந்தத் தயவைக் கயிறு பிடித்தவன் தன் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

வண்டியின் ஸ்டியரிங்கையோ ஹேண்டில்பாரையோ பிடித்திருக்கிறவன் இப்படிப்பட்ட கயிறுகள் பலவற்றைப் பிடித்திருக்கிறான். தான் ஒருபோதும் கண்டிராத மனிதரின் உயிர் அவற்றின் நுனியில் இருக்கிறது. ஆகையால் சாலையில் அவன் செலுத்தும் கவனம் விரும்பினால் கொடுக்கும் தர்மமல்ல. பிறருக்குச் செலுத்தவேண்டிய கடன். கடனைக் கொடாமலிருப்பது நீதிக்கு விரோதம்.

இது புதிதாய்க் கண்டுபிடித்த போதனையன்று. புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், எழுப்பாமல் ஒருவன் விழுந்து செத்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று உபாகமத்தின் 22-ம் அதிகாரத்தில் சர்வேசுரன் கற்பித்திருக்கிறார். மனிதன் விழும் நேரத்தில் வீட்டுக்காரன் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம். அவன் யாரையும் தள்ளவில்லை. ஆனால் அவன் குற்றம் விழுந்த நாளில் உண்டானதல்ல. சுவரில்லாமல் கட்டி முடித்த நாளிலேயே உண்டாயிற்று. முட்டுகிற மாட்டைப்பற்றி எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டி வைக்காதவனைப்பற்றி யாத்திராகமத்தின் 21-ம் அதிகாரம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது.

வேதசாஸ்திரிகளில் தலைசிறந்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், தற்செயலாய் ஒருவன் சாவுக்குக் காரணமானவன் குற்றவாளியா என்ற கேள்வியை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். ஆகுமான காரியத்தை, செலுத்தவேண்டிய ஜாக்கிரதையோடு செய்கிறவன் குற்றமற்றவன். ஆனால் காரியம் ஆகுமானதாயிருந்தும் ஜாக்கிரதை இல்லாமற் செய்கிறவன் குற்றத்துக்குத் தப்பமாட்டான் என்பது அவருடைய தீர்ப்பு. "நான் நினைத்துச் செய்யவில்லை" என்று சொல்லுகிறவர்களுக்கு இதுவே பதில். மோதவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, உண்மைதான். ஆனால் சாலையிலிருந்து கண்ணை எடுக்கச் சம்மதித்தானே! காரணத்துக்குச் சம்மதித்தவன், அதிலிருந்து வருமென்று தனக்குத் தெரிந்திருந்த விளைவுக்கும் உத்தரவாதி. 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், குடியினாலோ வேகத்தில் கொண்ட மோகத்தினாலோ சாலையிலும் கடலிலும் ஆகாயத்திலும் பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்குகிறவர்கள் கனமான குற்றத்துக்குள்ளாகிறார்கள் என்று போதிக்கிறது. செல்போன் மோகத்தை அந்த வரிசையில் சேர்க்க மயிர்பிளக்கும் தர்க்கம் தேவையில்லை.

"ஒரு நொடி பார்த்தேன், அவ்வளவுதான்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஒரு மங்கள வார்த்தை செபத்தை நிதானமாய்ச் சொல்லப் பத்து வினாடி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வண்டி 160 மீட்டருக்கு மேல் கடந்திருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்ட நம்மில் யார் துணிவோம்?

வேறு சிலர், "நான் கையில் பிடிப்பதில்லையே, காதில் மாட்டிக்கொண்டோ ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டோதானே பேசுகிறேன்" என்று சமாதானம் சொல்லுகிறார்கள். கனடா தேசத்து டொரண்டோ நகரில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டார்கள். போனில் பேசும் வேளையில் விபத்து நேரும் ஆபத்து சுமார் நான்கு மடங்கு என்று கண்டார்கள். கையில் பிடியாமல் பேசியவர்களுக்கு அதனால் யாதொரு பாதுகாப்பும் இருந்ததாகத் தென்படவில்லை. இதில் ஆச்சரியமில்லை. கைகள் இரண்டும் வண்டியில் இருந்தும் மனம் வேறிடத்தில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவன் எதிரே லாரி வருவதைக் கண்டால் பேச்சை நிறுத்துவான், "பார்த்து!" என்று கத்தவும் செய்வான். போனில் பேசுகிறவனுக்கு அந்த லாரி தெரியாது.

"வேலை விஷயம், எடுக்காமலிருக்க முடியாது" என்பது மற்றொரு சமாதானம். ஸ்பெயின் தேசத்தில், நம் கடற்கரை மக்கள் பக்தியோடு வணங்கும் சந்தியாகப்பரின் கல்லறை இருக்கும் சந்தியாகு தே கொம்போஸ்தேலா நகருக்கு அருகே, 2013-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி, அவருடைய திருநாளுக்கு முந்தின மாலையில், ஒரு ரயில் கவிழ்ந்தது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகவேண்டிய வளைவில் அது 179 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. 79 பேர் மாண்டார்கள். வேகத்தைக் குறைக்கவேண்டிய இடத்தை ரயில் நெருங்கிய வேளையில் ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டவர் அதே ரயிலில் இருந்த உத்தியோகஸ்தர். பேசியதும் ரயில் விஷயமே. சுமார் 100 வினாடிப் பேச்சு. வீண்பேச்சு ஒன்றுமில்லை. ஆனாலும் வளைவு காத்திருக்கவில்லை. 2024-ல் நீதிமன்றம் ஓட்டுநரோடுகூட, அந்த இருப்புப்பாதையின் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரியையும் தண்டித்தது. அபாயத்துக்கு இடம் வைக்கிறவனும் உத்தரவாதியே என்பதை லாரி முதலாளிகள் கவனிப்பார்களாக. தம் டிரைவர் ஓடும் வண்டியிலிருந்து பதில் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிற முதலாளி, அந்தச் சாலையில் நடக்கிறவர்களின் உயிரைத் தானும் பணயம் வைக்கிறான்.

இனி, நம் குடும்பங்களுக்கு மிகவும் நெருக்கமான காரணத்துக்கு வருகிறேன், அது அன்பு. கப்பலில் மகன், வளைகுடா நாட்டில் கணவன், வெளியூரில் படிக்கும் மகள் என்று இருக்கிற நம் வீடுகளுக்குச் செல்போன் பெரிய வரம். அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் 2020-ம் ஆண்டு ஜூலை 25-ல் நடந்ததைக் கேளுங்கள். சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த 'வாகாஷியோ' என்ற பெரிய சரக்குக் கப்பல், போன் சிக்னல் கிடைக்கவேண்டும் என்பதற்காக வழியை மாற்றி மொரீஷியஸ் தீவுக் கரையை நெருங்கிப்போய்ப் பவளப்பாறையில் ஏறிவிட்டது. அதிலிருந்து கசிந்த எண்ணெய் ஏறக்குறைய 1,000 டன். கடல் கறுத்தது, அங்குள்ள மீனவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. கப்பல் தலைவரையும் முதல் அதிகாரியையும் 2021-ல் மொரீஷியஸ் நீதிமன்றம் தண்டித்தது. வீட்டாரின் குரலைக் கேட்க மாலுமிகள் ஆசைப்பட்டது பாவமல்ல. ஆனால் அந்த ஆசை, கண்ணாலும் காதாலும் இடைவிடாமல் கவனிக்கவேண்டும் என்று கப்பலோட்டிகளுக்கு விதிக்கப்பட்ட கடமையின் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நல்ல அன்பும் தன் வேளை அறியாவிட்டால் தீங்காய் முடியும்.

ஆகவே கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் பைக்கில் வருகிறார் என்று தெரிந்தும், "எங்கே வருகிறீர்கள்? தேங்காய் வாங்கினீர்களா?" என்று கேட்க மூன்றுதரம் மணியடிக்கிற மனைவியும், மகன் எடுக்கும்வரை விடாமல் அழைக்கிற தாயும், தாங்கள் யாருடைய நன்மைக்காகக் கவலைப்படுகிறார்களோ அவனையே ஆபத்தில் தள்ளுகிறார்கள். பதில் வரவில்லையென்றால், "ஓட்டிக்கொண்டிருக்கிறான், நல்ல பிள்ளை" என்று சந்தோஷப்படுங்கள்.

முதற் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆம், விபத்து நேராவிட்டாலும் அது பாவமே. கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் கூடினால் எவ்வளவு கனமான பாவம் என்பதை ஞானோபதேசம் படித்த நீங்கள் அறிவீர்கள். அரசாங்கச் சட்டமும் இதை அற்பமாய் எண்ணவில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது அபாயகரமாய் ஓட்டும் குற்றத்தில் சேரும். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் போலீஸ்காரர் நிற்கிற முனையில் மட்டும் போனை மறைக்கிறவன் சட்டத்துக்குப் பயந்தானேயொழிய, சர்வேசுரனுக்குப் பயப்படவில்லை.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு தீர்மானங்கள் எடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். வண்டியைக் கிளப்புமுன் போனின் சத்தத்தை அடக்கிப் பையிலோ பெட்டியிலோ வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். மெய்யாகவே அவசரமென்றால் வண்டியை ஓரமாய் நிறுத்தி இறங்கிப் பேசுங்கள். யாரைக் கூப்பிட்டாலும் முதலில், "ஓட்டிக்கொண்டிருக்கிறாயா?" என்று கேளுங்கள், ஆம் என்றால் உடனே வைத்துவிடுங்கள். அப்பா ஓட்டும்போது போனை எடுத்தால், பின்னால் இருக்கும் பிள்ளை, "அப்பா, வேண்டாம்" என்று சொல்ல அதற்கு உத்தரவு கொடுங்கள், சொன்னால் கோபிக்காதீர்கள்.

சாலையில் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இதை வாசிப்பீர்கள். உங்கள் துக்கத்தைக் கிளற இதை எழுதவில்லை. இன்னொரு தாய்க்கு அது வராதிருக்கவே எழுதினேன். தன் கவனக்குறைவால் ஓர் உயிர் போனதை எண்ணித் தூக்கமில்லாமல் தவிக்கிறவர்களும் இருக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டி உங்களுக்காகவும் திறந்திருக்கிறது. சேசுநாதருடைய இரக்கம் உங்கள் குற்றத்திலும் பெரிது. அந்தக் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய பரிகாரத்தை ஒளிக்காமல் செய்யுங்கள்.

புயலிலும் கொந்தளிப்பிலும் நம் முன்னோர்களைக் கரை சேர்த்த பனிமய மாதா, சாலையில் போகிற நம் பிள்ளைகளையும், அவர்கள் எதிரே வருகிற அந்நியரையும் பத்திரமாய் வீடு சேர்ப்பாளாக. நம் காவல் சம்மனசுகள் தங்கள் கண்ணை நம்மைவிட்டு எடுப்பதில்லை. நாமும் நம் கையில் ஒப்புவிக்கப்பட்டவர்களைவிட்டு நம் கண்ணை எடுக்காதிருப்போமாக.

உங்கள் பங்குச் சுவாமி