வெட்டினால் தெரியவேண்டும்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். சம்பளம் கிடையாது, கெட்ட பெயர் மட்டும் உத்தரவாதம். போன மாதம் தெருநாய்களுக்கு வாசலில் சோறு வைக்கலாமா என்று பேச்சு கிளம்பியது. சிறிது நேரத்துக்குள், "முதலில் மெயின்டனன்ஸ் பாக்கியைக் கட்டுங்கள் சார், அப்புறம் நாய்க்கு நியாயம் பேசலாம்" என்று ஒருவர் போட்டார். அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் அத்தோடு நாய் தப்பித்துக்கொண்டது, ஆள் மாட்டிக்கொண்டார்.

வசைச்சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் மென்பொருளே பிடித்துவிடும். நம்மவர்களோ மரியாதை குறையாமலே மானத்தை வாங்கக்கூடியவர்கள். "உங்கள் அறிவுக்கு முன்னால் நாங்களெல்லாம் எம்மாத்திரம்" என்பதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அதனால் நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

அவர் எப்படி வெட்டவேண்டும் என்பதற்கு நான் காட்டும் முன்மாதிரி நாடாளுமன்றம். சிரிக்காதீர்கள், அங்கே நடக்கும் கூச்சலைச் சொல்லவில்லை, குறிப்பெழுதும் முறையைச் சொல்கிறேன். அவதூறான, அநாகரிகமான சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சபாநாயகருக்கு அதிகாரம் தருவது மக்களவை விதி 380. எனக்குப் பிடித்தது அடுத்த விதி, 381. நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு, அவைத் தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பும் தரவேண்டும். சொல்தான் போகிறது, பேசியவர் இருக்கிறார், அவர் வாதம் இருக்கிறது, வெட்டியவரும் ஒளிந்துகொள்ள முடியாது. சபாநாயகர் பாரபட்சம் காட்டுகிறார் என்று சண்டை போட முடிவதும் அந்தக் குறி அங்கே நிற்பதால்தான்.

வாட்ஸ்அப்பிலும் அடுத்தவர் பதிவை நீக்கும் வசதி அட்மினுக்கு 2022-இல் வந்தது. நீக்கியது யார் என்பதும் அங்கேயே தெரியும். குறை என்னவென்றால், ஒரு வரிக்காக முழுப் பதிவும் போய்விடும். பாக்கி விவகாரத்தைக் கிளப்பியவர் எனக்கு மிகவும் வேண்டியவர். நாய் விஷயத்தில் நானும் அவர் கட்சிதான். பதிவை நீக்கிவிட்டுப் போன் செய்து, "அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி போடுங்களேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். மிஞ்சியது இவ்வளவுதான்: குழந்தைகள் விளையாடும் இடத்தில் சோறு வேண்டாம், பின்பக்கக் காலி மனையில் வைக்கலாம். பதில் சொல்லக்கூடிய பேச்சு. எதிர்க்கட்சியும் பதில் சொன்னது.

வெட்டுவது இருக்கட்டும், விதியை எப்போது சொல்வது? பூம்புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைந்தவன், ஊரை அலங்கரிக்கச் சொன்ன கையோடு, சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறட்டும், பகைவரிடமும் கோபமும் கலகமும் வேண்டாம் என்று அறிவித்ததாக மணிமேகலை சொல்கிறது. விழா தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டான், அதுதான் விஷயம். நம் குழுக்களில் சண்டை முற்றிய பிறகுதான் விதி எழுதுகிறோம். அப்போது எழுதும் எந்த விதியும் யாரோ ஒருவரைக் குறிவைத்ததாகத்தான் தெரியும்.

நீங்களும் ஏதாவது ஒரு குழுவுக்கு அட்மினாக இருப்பீர்கள். விதியை இன்றைக்கே, எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே போட்டுவிடுங்கள். முதல் தடவை அதை உங்களுக்கு வேண்டியவர்மேல் பிரயோகியுங்கள்.