ஒரே எழுத்தில் தொடங்கும் பாட்டுகள்

மேற்கத்தியப் பாடல்களைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பாடகரையோ ஒரு குழுவையோ பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். வேறொரு வழியும் உண்டு. ஆங்கில எழுத்துகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த எழுத்தில் தலைப்பு தொடங்கும் பாடல்களாகத் தேடிக் கேட்பது. பார்வைக்கு இது சிறுபிள்ளை விளையாட்டுதான். ஆனாலும் எதைக் கேட்பது, எதைப் படிப்பது, யாரோடு பழகுவது என்று மனிதர்கள் எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியை இந்த விளையாட்டு எழுப்பிவிடுகிறது.

எழுத்தைப் பிடித்துப் பாட்டுக்குப் போவது தமிழருக்குப் புதிதல்ல. இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பிற்பாடு சன் டிவி வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சிற்றிலக்கியத்தில் வருக்கக் கோவை என்று ஒரு வகை இருந்தது. அதில் செய்யுள்கள் எழுத்து வரிசையில் அமையும். ஔவையாரின் ஆத்திசூடியும் அகர வரிசையில்தான் போகிறது. ‘ங’ வந்த இடத்தில் அதற்கும் ஒரு வரி அமைத்தே ஆக வேண்டியிருந்தது. அந்த வரிதான் இன்றும் பள்ளிப் பிள்ளைகளின் நினைவில் சட்டென்று நிற்கிறது. எழுத்தின் கட்டாயம் புலவரை, தானாகப் போகாத இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறது. பாட்டுக்குப் பாட்டில் தெரிந்த பாட்டை நினைவிலிருந்து எடுக்க வேண்டும்; இந்த எழுத்து விளையாட்டில் தெரியாத பாட்டைத் தேடி எடுக்க வேண்டும். அந்த ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

இப்படித் தேட வேண்டிய தேவை எல்லாருக்கும் இல்லை. சென்னையில் மேற்கத்திய இசைக்கென்று பழைய வீடுகள் உண்டு. பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், 1842-ல் தொடங்கிய, அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கல் கடை. மேற்குப் புறநகரின் கதை வேறு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-ல். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அந்தப் பத்தாண்டில் வளர்ந்ததுதான். வேலை தேடிக் கிராமங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வானொலிப் பெட்டியில் ஒலித்தது தமிழ்த் திரைப்பாட்டு. அந்த வீட்டுப் பிள்ளை இன்று அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் சேர்கிறது. உடன் வேலை பார்ப்பவர்கள் ஓர் ஆங்கிலப் பாட்டைப் பற்றிப் பேசும்போது, எல்லாருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்ற கூச்சம் வருகிறது. அப்பாவின் இசைத்தட்டு அலமாரியிலிருந்து ரசனையைப் பெற்றவருக்கு எழுத்து தேவையில்லை. அப்படி ஓர் அலமாரி இல்லாத வீட்டிலிருந்து வருகிறவருக்கு எழுத்து நல்ல வாசல். அது யாரிடமும் பூர்வீகம் கேட்பதில்லை.

‘ஆர்’ என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். ‘ரிலீஸ் மீ’ என்ற பாட்டைப் பாடிப் புகழ்பெற்ற எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936-ல் பிறந்தது மதராஸில். சிறுவயதிலேயே இங்கிலாந்து போனவர். 1967-ல் பீட்டில்ஸின் ‘பென்னி லேன்’ இசைத்தட்டை இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது அவருடைய இந்தப் பாட்டுதான். அதே எழுத்தில் ‘ரெஸ்பெக்ட்’ இருக்கிறது. 1965-ல் ஓட்டிஸ் ரெடிங் பாடியபோது அது வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் கேட்கும் மரியாதை. இரண்டே ஆண்டுகளில் அரீத்தா ஃபிராங்க்லின் அதை எடுத்துப் பாடினார். தலைப்பை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லி, அதைப் பெண்ணின் உரிமைக் குரலாக்கினார். ஜானி கேஷின் ‘ரிங் ஆஃப் ஃபயர்’ 1963-ல் வந்தது. அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்குள் மெக்சிகோ பாணி எக்காளங்கள் புகுந்துவிடுகின்றன. பாப் மார்லியின் ‘ரிடெம்ப்ஷன் சாங்’ 1980-ல் வந்தது; அதில் ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டுமே. கேட் புஷ் 1985-ல் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’ ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒலித்த பிறகு 2022-ல் இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. இவர்களை ஒரே பந்தியில் உட்கார வைக்கும் வேறு எந்த வரிசையும் இல்லை. நாடு, காலம், நிறம், பாணி எதுவும் இவர்களைச் சேர்க்காது, எழுத்து சேர்த்துவிடுகிறது.

இப்படி ஒரு வரிசையைத் திரட்டும் வேலை சிரமமானதல்ல. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2004-ல் வெளியிட்டு 2021-ல் திருத்திய 500 சிறந்த பாடல்களின் பட்டியலைப் போல ஒன்றை எடுத்து அகர வரிசைப்படுத்தினால் போதும். தலைப்பின் முன்னால் வரும் ‘தி’, ‘எ’ ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நூலகப் பட்டியல்களில் தலைப்புகளை அடுக்கும் முறையும் அதுதான். இந்த விதியால் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘தி ரிவர்’ தானாக ‘ஆர்’ வரிசைக்கு வந்து சேரும். பத்தொன்பது வயதில் திருமணம் முடித்த ஓர் இளைஞன், கட்டுமான வேலை, பிறகு வேலை குறைந்த காலம் என்று போகும் 1980-ம் ஆண்டுப் பாட்டு அது. பட்டறை மூடப்பட்டு அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களைக் கண்ட அம்பத்தூர்ப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க உரையாசிரியர் வேண்டியதில்லை. ஆவடியில் மின்சார ரயில் ஏறி, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் கடந்து பட்டரவாக்கம் போவதற்குள் அதை முழுதாகக் கேட்டுவிடலாம். கூட்டத்தில் நசுங்கி நின்றபடி கேட்டாலும் தொடக்கத்து மவுத் ஆர்கன் காதில் தெளிவாக விழும்.

கைபேசிச் செயலிகள் பாட்டுகளை இப்படிக் கொடுப்பதில்லை. ஒருவர் கேட்டதைக் கேட்ட மற்றவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று கணக்கிட்டு, அதற்கு நெருங்கியதையே நீட்டுகின்றன. அது வசதிதான், நேற்றுப் பிடித்தது போலவே இன்றும் ஒன்று கிடைக்கிறது. ஆனால் அப்படியே போனால் ஒருவரின் ரசனை இருபது வயதில் நின்ற இடத்திலேயே நாற்பதிலும் நிற்கும். தனக்குப் பிடித்ததை வைத்து மட்டும் தேர்ந்தெடுப்பவர், தனக்கு எது பிடிக்கக்கூடும் என்பதை அறியாமலே போய்விடுவார். இது பாட்டோடு நிற்கிற விஷயமல்ல. புத்தகம், நட்பு, சாப்பாடு எல்லாவற்றிலும் வெளியிலிருந்து வரும் ஒரு விதிக்குக் கொஞ்ச நேரம் கட்டுப்படுவது மனிதரை விரிவாக்குகிறது.

எழுத்துக்கும் குறைகள் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பாட்டுகளுக்கு இடையே உறவு எதுவும் வெளிப்படையாக இருக்காது. அதைக் கேட்பவரே கண்டுபிடிக்க வேண்டும். பட்டியலை முடிக்கும் அவசரம் வந்துவிட்டால் பாட்டு காதில் தங்காது. ஒரு பாட்டு பிடித்துப்போனால் எழுத்தை அங்கேயே விட்டுவிட்டு அந்தப் பாடகரின் பின்னால் போவதே சரி. எழுத்துகள் எல்லாம் ஒரே அளவுள்ளவையும் அல்ல. ‘ஐ’ வரிசை வீங்கிக் கிடக்கும்; காதல் பாட்டுகளில் பாதி அதில்தான் தொடங்கும்போல. ‘எக்ஸ்’ வரிசையில் ‘ஜனடு’ போல ஒன்றிரண்டுதான் தேறும்.

‘க்யூ’ வரிசையும் சிறியதுதான். அதில் முதலில் கைக்குக் கிடைப்பது ‘கே செரா செரா’. ஹிட்ச்காக் இயக்கிய படத்துக்காக 1956-ல் டோரிஸ் டே பாடியது. அடுத்த ஆண்டே ஜி.ராமநாதன் இசையமைத்த ‘ஆரவல்லி’யில் அந்த மெட்டு ஜிக்கியின் குரலில் தமிழுக்கு வந்துவிட்டது. பூந்தமல்லியில் பேரன் இதைக் கைபேசியில் ஓடவிட்டால், அடுத்த அறையிலிருக்கும் பாட்டி தமிழில் சேர்ந்து பாட வாய்ப்புண்டு.