மௌனமாய் உட்கார்ந்தால் போதுமா?



பௌர்ணமிதோறும் நம் ஊர் வழியாகத் திருவண்ணாமலைக்கு நிரம்பிப் போகும் பஸ்களைப் பார்க்கிறீர்கள். மலையைச் சுற்றுவதற்கும், ரமணாசிரமத்தில் கண்மூடி உட்காருவதற்கும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். நம் பங்கு வாலிபர் சிலரும் தியானப் பயிற்சி என்று போய்வரத் தொடங்கியிருக்கிறார்கள். "சாமி, இது பாவமில்லையா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். "ஜெபமாலையைவிட இதுதான் மனதுக்கு அமைதி தருகிறது" என்கிறார்கள் பிள்ளைகள். இரு தரப்பாருக்கும் சேர்த்தே இந்த வாரம் எழுதுகிறேன்.

இவ்விஷயத்தைப் பற்றி நெடுங்காலம் சிந்தித்த ஒருவர் நம் தமிழ்க் குருக்களிலேயே உண்டானார். சேசு சபையைச் சேர்ந்த அருள் மரிய ஆரோக்கியசாமி என்பது அவர் பெயர்; அமா சாமி என்றே உலகம் அறியும். 1936-இல் பர்மாவில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். குருவான பின்பும் ஆத்துமத்தில் ஒரு தாகம் தீராமல் அலைந்தார். பிரான்சு தேசத்திலிருந்து 1948-இல் வந்து, நம் அண்ணாமலைக் குகைகளில் தங்கித் தவமிருந்த அபிஷிக்தானந்தர் என்னும் பெனெடிக்ட் சபைச் சந்நியாசியார் அவருக்கு ரமணரின் வழியை அறிமுகப்படுத்தினார். பின்பு ஜப்பானுக்குப் போய், காமகுராவில் யமதா கோவுன் என்பவரிடம் ஸென் பயின்றார். யமதா துறவியல்லர், குடும்பஸ்தர், பௌத்தர். அவர் 1982-இல் அமா சாமிக்குப் போதிக்கும் அதிகாரம் கொடுத்தார். 1996-இல் கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் போதி ஸென்டோ என்ற தியான இல்லம் எழும்பிற்று. பௌத்த குரு ஒருவர் கத்தோலிக்கக் குருவை ஆசிரியராக ஏற்படுத்தியது பலருக்கு விநோதமாகப் படலாம். அமா சாமியோ இரண்டையும் கலந்து குழம்பாக்கவும் இல்லை, எல்லாம் ஒன்றுதான் என்று எளிதில் தள்ளிவிடவும் இல்லை. இரண்டுக்கும் இடையில் நிற்கிறேன் என்றார். இடையில் நிற்பது சுகமான இடமல்ல.

ஸென் என்ற சொல்லே நம் 'தியானம்' சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஸென்' ஆனதுதான். அதைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர் போதிதர்மர் என்றும், அவர் காஞ்சிபுரத்து ராஜகுமாரர் என்றும் சொல்லுவார்கள். 2011-இல் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு சிறு பிள்ளைகளும் இதைச் சொல்லுகிறார்கள். ஆனால் சரித்திரம் அவ்வளவு நேராக இல்லை. பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. 547-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட மற்றொன்றோ பாரசீகத்தார் என்கிறது. புத்தர் தொடங்கி, குருவுக்குப்பின் குருவாக, விளக்கிலிருந்து விளக்கேற்றியதுபோல் அறுபடாமல் வந்ததாக ஸென் சபையார் சொல்லும் வம்சாவளியும் பிற்காலத்தில் கோத்துச் சேர்த்தது என்று அறிஞர் காட்டிவிட்டார்கள். 'போதிதர்மர் ஏன் மேற்கிலிருந்து வந்தார்' என்பது ஸென் மார்க்கத்தில் சீடனைத் திணற வைக்கும் பழைய கேள்வி. அதைத் திருப்பி, 'போதிதர்மர் ஏன் மேற்கே வந்தார்?' என்றே அமா சாமி தம் புத்தகம் ஒன்றுக்குப் பெயர் வைத்தார்.

வம்சாவளி கதையென்றால் ஸென் பொய்யா? அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. கதையும் அடையாளமும் மனிதனை உண்மைக்கு இட்டுச் செல்லக்கூடும். ஆனால் அந்தக் கதையின் பலத்தில் ஒரு குருவானவர் "நான் விழிப்படைந்தவன், நான் சொல்வதில் தவறில்லை" என்று உட்கார்ந்துவிட்டால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அந்த ஆபத்து வெறும் ஊகமல்ல. யமதாவின் குரு யசுதானி ஹாக்குவுன்; யசுதானியின் குரு ஹராதா தாயுன். இருவரும் பெரிய தியானிகள். இருவரும் இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானிய ராணுவத்தின் போரைப் புகழ்ந்து எழுதினார்கள். யசுதானி 1943-இல் வெளியிட்ட புத்தகத்தில் யூதரைப் பற்றிய துவேஷமும் சேர்ந்திருக்கிறது. ஸென் துறவியான பிரயன் விக்டோரியா என்பவர் 1997-இல் இவற்றையெல்லாம் தொகுத்து வெளியிட்டபோது சீடர்கள் திகைத்துப் போனார்கள். பிற்பாடு யசுதானி நிறுவிய சபையின் தலைவரே அதற்காக வருத்தம் தெரிவித்து எழுத நேர்ந்தது. வருஷக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து, 'நான்' என்பதையே கரைத்துவிட்டவர் என்று பெயரெடுத்தவருக்கு, பக்கத்துத் தேசத்தாரின் இரத்தம் கண்ணில் படவில்லை.

இன்னொன்றைக் கேளுங்கள். 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது காயப்பட்டவர்களில் ஹூகோ லசால் என்ற சேசு சபைக் குருவும் ஒருவர். உயிர் பிழைத்து, அதே நகரில் உலக சமாதான நினைவுப் பேராலயத்தை எழுப்பினார். 1954-இல் அது அபிஷேகமாயிற்று. அந்த லசால்தான் 1956-இல் ஹராதாவின் மடத்துக்குப் போய் அவர் முன் தியானத்தில் அமர்ந்தார். அமா சாமிக்கு ஸென் வாசலைத் திறந்துவிட்டவரும் இந்த லசாலே. யுத்தத்தைப் புகழ்ந்தவரிடமிருந்தும், யுத்தத்தில் காயப்பட்டவர் மௌனத்தைக் கற்றுக்கொண்டார். ஆகையால் மௌனம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. மௌனத்துக்குக் கண் தனியாக வேண்டும் என்கிறேன்.

நெசவுக்காரர் உங்களுக்கு இது விளங்காமற் போகாது. பாவில் இழை அறாமல், ஜரிகை பிசகாமல், நாடா போய்வரும்போது உங்கள் மனதில் வேறு நினைவு உண்டா? ஸென் மடத்தார் வருஷங்கள் பாடுபட்டுத் தேடும் ஏகாக்கிரம் உங்களுக்குத் தறிக்குழியிலேயே கிடைக்கிறது. ஆனால் அந்தக் கவனம், புடவைக்குக் கூலி நியாயமாய்க் கொடுக்கப்பட்டதா என்று கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய பிள்ளை பெற்றோரின் கடனுக்காகத் தறியில் உட்கார்ந்த காலமும் இப்பக்கத்தில் இருந்தது. அந்தத் தறியிலும் புடவை அழகாகத்தான் வந்தது.

"பார்த்தீர்களா, அஞ்ஞானிகளின் தியானம்!" என்று யாரும் விரல் நீட்ட வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஊர் உண்டு. 1872-இல் அங்கே கட்டிய கோவில் சாதிக்கொரு பக்கமாக இரண்டாகப் பிரிந்து, இடையில் சுவரோடு நின்றது. இரு பக்கத்தாரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910-இல் சேசு சபைக் கௌசானல் சுவாமியார் சுவரை இடித்தார். விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்த 38 வருஷமும் சுவருக்கு இருபுறத்தில் ஜெபமாலை சொன்னவர்களில், உபவாசம் இருந்தவர்களில், கண்ணீரோடு நன்மை வாங்கியவர்களில் உண்மையான பக்தர் இல்லையா? இருந்திருப்பார்கள். சுவர்தான் அவர்களுக்குத் தெரியவில்லை.

நம் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு பெயர் வருகிறது, யோசித்ததுண்டா? பரிசுத்த கன்னிமரியம்மாளின் பெயரோடு, போஞ்சு பிலாத்து என்ற ரோமாபுரி அதிகாரியின் பெயரையும் ஞாயிறுதோறும் சொல்லுகிறோம். சேசுநாதர் பாடுபட்டது ஏதோ ஒரு புராண காலத்திலல்ல, இன்ன தேசத்தில், இன்ன அதிகாரியின் கையெழுத்தில் என்று திருச்சபை ஆணியடித்து வைத்திருக்கிறது. சர்வேசுரன் தேதிக்குள்ளும் ஊருக்குள்ளும் இறங்கினார். அப்படியிருக்க, தேதியையும் ஊரையும் மறந்து மேலே மிதக்கும் ஜெபம் அவரை எங்கே சந்திக்கும்? அமா சாமியும், விழிப்பு என்பது உலகத்தை விட்டுத் தப்பிப்பதல்ல, இரக்கமாய் உலகத்துக்குத் திரும்புவது என்றே போதித்தார். இதில் அவரோடு நான் முழுதும் சம்மதிக்கிறேன். கிறிஸ்துநாதரைப் பற்றி அவர் எழுதிய சிலவற்றில் நான் தயங்குகிறதுண்டு. அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

திருச்சபை என்ன சொல்லுகிறது என்று கேட்பவர்களுக்கு: இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், பிற மார்க்கங்களில் உண்மையும் பரிசுத்தமுமானவற்றைத் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. 1989-இல் கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்டு மேற்றிராணிமாருக்கு வந்த கடிதம் ஸென்னையும் யோகத்தையும் குறிப்பிட்டே பேசுகிறது. நல்லதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒருவனுடைய நடக்கை கோணலாயிருக்கும்போது, உட்கார்ந்ததில் உண்டான இனிய உணர்வைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று எண்ணுவது பெரிய மோசம் என்று அது எச்சரிக்கிறது.

ஆகவே தாய்மார்களே, முதுகை நிமிர்த்தி, மூச்சைக் கவனித்து உட்காருவது பாவமல்ல. பிள்ளைகளே, அதற்காக ஜெபமாலையைத் தாழ்த்திப் பேசவும் வேண்டாம். அதிலும் மணி உருள, மூச்சு அடங்கத்தான் செய்கிறது. உட்கார்ந்து எழுந்தபின் ஐந்து நிமிஷம் ஆத்தும சோதனை செய்யுங்கள். இன்றைக்கு யாருக்குப் பாக்கி வைத்தேன், யாரைக் கண்டும் காணாமல் போனேன் என்ற இரண்டு கேள்வி போதும். இதற்காகப் பெருமாள்மலைக்குப் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. காலைப் பூசைக்கு அரை மணி முன்னதாகவே நம் கோவில் கதவு திறந்திருக்கிறது. விசிறி சத்தம்கூட அப்போது இராது.