மாத்திரையும் சித்தமும்

பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகள் கையின் இறுக்கத்தை மட்டும் தளர்த்துவதில்லை. சிலரிடம் சித்தத்தின் கட்டையும் அவிழ்த்துவிடுகின்றன. 2005இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள், டோபமினைப்போல் மூளையில் செயல்படும் மருந்துகளை உட்கொண்டு சூதாட்டத்தில் விழுந்த 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 2009இல் டொரான்டோவில் இத்தகையவர்களைச் சீட்டாட வைத்து மூளையைப் படமெடுத்தார்கள். ராக்லோப்ரைடு என்னும் கதிரியக்கப் பொருளை உடம்பில் செலுத்தினால் அது டோபமின் உட்கார வேண்டிய இடங்களில் போய் உட்காரும். டோபமின் சுரந்தால் அதற்கு இடம் கிடைக்காது. சூதாடிகளின் மூளையில், ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியின் அடிப்புறத்தில், மற்ற நோயாளிகளைவிட அது அதிகமாக இடமிழந்தது. ஆக, ஆசையின் படம் என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரு காலியிடத்தின் அளவு. இதை வைத்துக்கொண்டு ‘மனிதன் ரசாயனம்தான்’ என்று அறிவித்துவிடுகிற அவசரம் எனக்குப் பிடிபடவில்லை.

சோழவரத்தில் (பழைய விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடந்ததால் ஒரு காலத்தில் பேர்போன ஊர்) வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த விவகாரம் வேறு ரூபத்தில் வருகிறது. செல்போனில் பணம் வைத்து ரம்மி ஆடுவது தடையில்லாமல் நடந்த வருஷங்களில், ஓய்வூதியம் வாங்கும் ஒரு பெரியவரின் மகன் என்னிடம் வந்தார். கணக்கை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டார். “அது எங்க அப்பா இல்ல சார். மாத்திரைதான் ஆடுது.” கணக்கு அவர் பெயரில் இருக்கிறது, அவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்றேன். வங்கிக்கு இதில் குழப்பமே கிடையாது. கையெழுத்துப் போட முடியாதவரிடம் இரண்டு சாட்சிகள் வைத்துக் கைநாட்டு வாங்கலாம். அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகையே போதும். உடம்பின் எந்த மூலையிலிருந்து ஒப்புதல் வந்தாலும் ஒப்புகிறவன் ஒருவனே என்பது அதன் தத்துவம்.

மகனின் வாக்கியம் அன்பிலிருந்து வந்தது. ஆனாலும் அதில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. அவர் ‘அப்பா’ என்று சொல்வது யாரை? சீட்டைத் தொடாத, பத்து ரூபாய்க்கும் கணக்கு எழுதிவைத்த மனிதரை. 2004இல் மைக்கேல் ஃபிராங்கும் சகாக்களும் செய்த சோதனை இங்கே சங்கடம் தருகிறது. மருந்தில்லாத நிலையில் இந்நோயாளிகள் தோல்வியிலிருந்து நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். மருந்துண்ட நிலையில் வெற்றியிலிருந்து. நடுக்கம் வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே டோபமின் செல்கள் அழியத் தொடங்கிவிடுகின்றன. அப்படியானால் அந்தக் கடைசி வருஷங்களின் சிக்கனத்தில் பாதி, சுரப்பு வற்றியதன் விளைவாக இருக்கலாம். அப்போது யாரும் ‘இது அப்பா இல்லை, நோய்’ என்று வங்கிக்கு வரவில்லை. நல்லது நடந்தால் குணம். கெட்டது நடந்தால் ரசாயனம். நம் தார்மீகக் கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் இப்படி வெவ்வேறு பேரில் ஏறுகின்றன.

இதனால் பொறுப்பு என்பதே பொய் என்று ஆகிவிடாது. மேயோ மருத்துவர்கள் தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களிடம், மருந்தைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் சூதாட்டம் ஓய்ந்தது. மாத்திரைக்குப் பங்கு இருக்கிறது; அதை மறுப்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் கொடுமை. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இவ்விஷயத்தில் நம் தத்துவவாதிகளைவிட நிதானமானது: பெரும்பாலும் சித்தம் தெளியாதவரும் தெளிந்திருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. அது ஆளை எடைபோடவில்லை, வேளையை எடைபோடுகிறது.

ஆனால் எது தெளிந்த வேளை? 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமஸ்வாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் டோபமினுக்கு என்ன வேலை என்று தெரியவர மேலும் இருபது வருஷம் ஆயிற்று. இன்று அதே லெவோடோபா உடம்பில் ஏறும்போது நோயாளி நடக்கிறார், இறங்கும்போது உறைந்துபோகிறார்; ஒரே நாளில் பல தடவை. சூதாட்டம் தொற்றிக்கொண்டால், கூடவே தரப்படும் மற்ற மாத்திரையைக் குறைக்கிறார்கள். சிலருக்கு உடம்பு மறுபடி இறுகிவிடுகிறது. அசையும் கையும் கரையும் பணமுமா, அல்லது இறுகிய கையும் பத்திரமான பணமுமா என்று அவரே சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை அவரிடம் எந்நேரம் கேட்பது? மாத்திரை வேலைசெய்யும்போது கேட்டால் ஆசை பதில் சொல்லக்கூடும். இறங்கியபின் கேட்டால் பயம் பதில் சொல்லக்கூடும். இரண்டுக்கும் வெளியே உட்கார்ந்து பதில் சொல்ல அவருக்கு வேறொரு மூளை கிடையாது. மகனுக்கும் கிடையாது.