விட்டு வந்த ஊர் யாருடையது?

வாழ்ந்த ஊரை விட்டு நீங்கியவர் ஆண்டுகள் பல கழித்து அங்கே திரும்பிச் செல்லும்போது, அவர் வாயிலிருந்து வரும் முதற்சொல் பெரும்பாலும் ஒரு முறையீடாகவே இருக்கிறது. "ஊரே மாறிவிட்டதே!" என்கிறோம். இச்சொல்லில் வியப்பு குறைவு, வருத்தம் மிகுதி. கூர்ந்து நோக்கினால் அதில் ஒரு குற்றச்சாட்டும் மறைந்திருப்பதைக் காணலாம். நம்மைக் கேளாமலே நம் உடைமையை யாரோ எடுத்தாண்டுவிட்டதைப் போன்ற தொனி அதில் ஒலிக்கிறது. இவ்வருத்தம் இயல்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நேர்மையானதுதானா? விட்டு வந்த ஊரின்மேல் நமக்குள்ள உரிமை யாது? அதனை நாம் நேசிக்கிறோம் என்பது ஒன்றே அவ்வுரிமைக்குப் போதுமா? பிழைப்பைத் தேடிப் பெயர்ந்து சென்றோர் இல்லாத குடும்பமே நம்மிடையே அரிதாகிவிட்ட இந்நாளில், இக்கேள்விகளை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சென்னையின் தென்பகுதியில், பரங்கிமலைக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் அருகே அமைந்துள்ளது நங்கநல்லூர். இளமையில் அங்கே அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து, 1980களின் இறுதியில் வேலையின் பொருட்டுத் திசைக்கொருவராகப் பிரிந்த நண்பர்கள் நால்வர், அண்மையில் ஒருநாள் அங்கே ஒன்றுகூடினோம். காலை முதல் மாலைவரை பழைய தெருக்களில் நடந்தோம். அன்று எங்களுக்குள் எழுந்த உரையாடலே இச்சிந்தனைக்கு வித்திட்டது.

எங்கள் நினைவில் இருந்த ஊர் ஒன்று உண்டு. பழவந்தாங்கல் இரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால், கிணறும் தென்னையும் முருங்கையும் சூழ்ந்த தனி வீடுகள். இடையிடையே இன்னும் வீடு எழும்பாத மனைகள். அவையே சிறுவர்களின் கிரிக்கெட் திடல்கள். தலைக்கு மேலே விமானம் தாழ்ந்து செல்லும்போது பேச்சைப் பாதியில் நிறுத்தி, ஓசை அடங்கிய பின் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் தெருக்களில் பழகிப்போன வழக்கம். இன்று அந்த ஊர் இல்லை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் மின்சார இரயில்கள் 2004இல் ஓய்வு பெற்றன. ஆலந்தூர் நகராட்சியில் அடங்கியிருந்த ஊர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2016 செப்டம்பரில், ஜி.எஸ்.டி. சாலையில் நங்கநல்லூரின் பெயரைத் தாங்கிய மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. தனி வீடுகள் பல, அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. 32 அடி உயர ஆஞ்சநேயரைக் காண வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அமைதியாய் இருந்த தெருக்களில் இன்று நடப்பதற்கே இடம் தேட வேண்டியிருக்கிறது.

நடக்க நடக்க, நால்வரும் இழந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினோம். ஆனால் விரைவிலேயே எங்களுக்குள் கருத்து வேறுபாடு தோன்றியது. தெருமுனையில் நின்ற புளியமரம் இடப்புறமா, வலப்புறமா என்பதில் இருவருக்குப் பிணக்கு. கிணற்று நீர் கற்கண்டாய் இனித்தது என்றார் ஒருவர். கோடையில் அதே கிணறு வறண்டுபோன ஆண்டுகளை நினைவூட்டினார் மற்றொருவர். நான்காமவர் நெடுநேரம் பேசாமல் வந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீங்கள் எல்லாரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள். அதை இறைத்தவர் என் அம்மா. கோடையில் இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடத்தில் சுமந்து வருவார். பழைய ஊர் திரும்ப வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை."

அதன் பின் எங்கள் நடையில் சற்று நேரம் பேச்சு இல்லை. நினைவு ஒரு நேர்மையான சாட்சியன்று என்பதை அவ்வொரு சொல் எங்களுக்கு உணர்த்திற்று. அது தனக்கு இனித்ததைத் தேர்ந்து வைத்துக்கொள்கிறது. அவ்வினிமைக்காகப் பிறர் பட்ட பாட்டை விட்டுவிடுகிறது. நாம் ஏங்கும் பழைய ஊர் பெரும்பாலும் நம் பத்து வயதின் ஊர். அந்த வயதில் கழிவுநீர்த் தொட்டி நிரம்புவது நம் கவலையாய் இருந்ததில்லை. கொசுவும் சேறும் நமக்கு விளையாட்டாய் இருந்தன. நாம் இழந்தது ஊரையா, அல்லது கவலையற்றிருந்த அந்த வயதையா? வயதை இழந்த துயரத்துக்கு ஊர்மேல் குறைசொல்வது முறையாகாது. தனித்துச் சென்றிருந்தால் இதனை நாங்கள் உணர்ந்திருக்க மாட்டோம். பழைய நண்பர்களோடு செல்வதன் பயன் இதுவே: நம் நினைவின் பொய்களை அன்போடு மறுக்க அவர்களால்தான் இயலும்.

நாம் நீங்கிய பின் அங்கே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய ஆலந்தூர் நகராட்சியில் பாதாளச் சாக்கடை இல்லை. 1990களின் இறுதியில் அதற்கான திட்டம் வகுக்கப்பட்டபோது, அரசின் பணத்தை மட்டும் எதிர்பாராமல், மக்களே முன்பணம் செலுத்துவது என்று முடிவாயிற்று. ஒரு வீட்டிணைப்புக்கு 5,000 ரூபாய். ஒரு குழாயும் புதைக்கப்படாத நிலையில், திட்டம் நிறைவேறுமா என்ற உறுதியும் இல்லாத வேளையில், ஓய்வூதியக் குடும்பங்களும் மாதச் சம்பளக்காரர்களும் அத்தொகையைக் கட்டினர். சாலைகள் தோண்டப்பட்ட காலத்தின் புழுதியையும் அவர்களே தாங்கினர். இந்திய நகராட்சிகள் பல பின்னாளில் முன்மாதிரியாகக் கொண்டு பேசிய திட்டம் அது. அன்று வேற்றூர்களில் இருந்த நாம், அதற்கு ஒரு ரூபாயும் கொடுத்தவர்களல்லர். ஒரு நாளும் அப்பள்ளங்களைத் தாண்டி நடந்தவர்களல்லர். நேசம் என்ற ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, விலை கொடுத்தவர்களின் ஊரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் முற்படலாமா?

அன்று பிற்பகல், எங்களைச் சிறுவர்களாக அறிந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். அத்தெருவில் விற்கப்படாமல் எஞ்சியிருக்கும் தனி வீடுகளில் அவருடையதும் ஒன்று. எங்கள் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டார். "வந்து பார்த்துட்டுப் போறவாளுக்குப் பழைய நங்கநல்லூர் வேணும். இங்கேயே இருக்கறவாளுக்கு நாளைக்குத் தண்ணி வருமான்னு கவலை. அது போகட்டும், உள்ளே வாங்கோடா, காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றார். அவர் குரலில் கடுமை சிறிதும் இல்லை. ஆயினும் எங்கள் வினாவுக்கான விடையின் பாதி அச்சொற்களில் இருந்தது.

மறுபாதியைத் திருவிவிலியத்தில் தேடலாம். எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்கள் எருசலேமுக்குத் திரும்பி, இடிந்துபோன கோவிலுக்குப் புதிதாய் அடித்தளம் இடுகின்றனர். முந்தைய கோவிலைத் தம் கண்களால் கண்டிருந்த முதியோர் வாய்விட்டு அழுகின்றனர். ஏனையோர் மகிழ்ச்சியால் ஆர்ப்பரிக்கின்றனர். அழுகை எது, ஆரவாரம் எது என்று பிரித்தறிய முடியாதவாறு இரண்டும் கலந்து வெகுதொலைவுவரை கேட்கிறது. அம்முதியோரை நூல் கண்டிக்கவில்லை என்பது கருதத்தக்கது. அவர்களின் கண்ணீருக்கும் அங்கே இடம் இருக்கிறது. ஆனால் அவர்களின் கண்ணீருக்காகக் கட்டட வேலை நிறுத்தப்படவும் இல்லை. அழுவதற்கு முதியோருக்கு உரிமை உண்டு. கட்டுவதற்கு அங்கே வாழப்போகிறவர்களுக்கு உரிமை உண்டு. ஒன்று மற்றொன்றை அடக்கிவிட முயலும்போதுதான் தவறு நேர்கிறது.

அப்படியாயின், திரும்பி வருகிறவர் வாய்மூடி நிற்க வேண்டியதுதானா? நடந்ததெல்லாம் வளர்ச்சி என்று தலையாட்ட வேண்டுமா? அதுவும் பொருந்தாது. மாற்றங்களில் சில, நம் ஏக்கத்தை மட்டும் புண்படுத்துகின்றன. சில, அங்கே வாழ்கிறவர்களின் உயிரையே தொடுகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிவது நம் கடமை. பழவந்தாங்கல் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். தாங்கல் என்பது பாசனத்துக்கு நீரைத் தேக்கி வைக்கும் சிற்றேரி. இரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் அவ்வேரி இன்றும் இருக்கிறது. சென்னையைச் சுற்றிலும் இவ்வாறு பெயரளவில் எஞ்சிய நீர்நிலைகள் பல. 2015 டிசம்பரில் பெருமழையால் சென்னை மூழ்கியபோது, அருகிலுள்ள விமான நிலையமே பல நாள்கள் மூடிக்கிடந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், மாநகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. நீர் தங்க இடமில்லாத ஊருக்கு வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வருகின்றன. பழைய திரையரங்கோ பழைய கடையோ மறைந்தது நமக்கு மட்டுமே இழப்பாக இருக்கலாம். நீர்நிலை மறைந்தது அந்த மூதாட்டிக்கும், நாளை அங்கே பிறக்கப்போகும் குழந்தைக்கும் இழப்பு. இத்தகைய இழப்பைப் பற்றி, முன்பு கண்டவர்கள் சாட்சி சொல்லியே ஆக வேண்டும். இங்கே குளம் இருந்தது, இவ்வழியே தண்ணீர் ஓடியது என்று சொல்ல அவர்கள் இல்லையென்றால் யார் இருக்கிறார்கள்? நினைவு ஏக்கமாக நின்றுவிடாமல் சாட்சியமாக மாறும் இடம் இதுவே.

ஆனால் சாட்சி சொல்கிறவர் முழுவதையும் சொல்ல வேண்டும். தனி வீடுகளை இடித்து அடுக்குமாடிகளைக் கட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது, அம்மனைகளை நல்ல விலைக்கு விற்றவர்களைப் பற்றியும் பேச வேண்டும். விற்றவர்களில் பலர் ஊரை விட்டுச் சென்றவர்களே அன்றோ? அதற்கு முன்பும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நம் பெற்றோர் மனை வாங்கிக் குடியேறியபோது, ஏரியும் வயலுமாய் அவ்வூரை அறிந்திருந்த உழவர் ஒருவர் வரப்பில் நின்று, "ஊரே மாறிவிட்டதே!" என்று சொல்லியிருக்க மாட்டாரா? நாம் தொடக்கம் என்று கருதிய ஊர் அவருக்கு முடிவாய் இருந்திருக்கும். ஒருவருடைய பொற்காலம் மற்றொருவருடைய இழப்பின்மேல் எழுந்து நிற்கிறது. இவ்வுண்மை நம் வருத்தத்தைப் பொய்யாக்காது. அதற்குப் பணிவைக் கற்றுத் தரும்.

நங்கநல்லூரிலிருந்து பார்த்தால் தெரியும் பரங்கிமலையும் இதுபற்றி நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. திருத்தூதர் தோமையார் உயிர் நீத்த இடமாக நாம் போற்றும் அம்மலையின்மீது ஏறுவதற்குப் படிகளை அமைத்தவர், கோஜா பெத்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். பாரசீகத்தின் ஜுல்பாவில் பிறந்து சென்னையில் வந்து தங்கிய அவர், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலத்தையும் தம் செலவில் கட்டினார். 1751இல் அவர் இறந்தபோது உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும், அவர் விருப்பப்படி, ஒரு பேழையில் வைத்துப் பிறந்த ஊராகிய ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது என்று வரலாறு கூறுகிறது. பிறந்த ஊரை அவர் ஒருபோதும் மறந்தவரல்லர். ஆயினும் அவ்வேக்கத்தைக் காரணம் காட்டி, வாழ வந்த ஊரை அவர் வழிப்போக்கர் சத்திரமாக நடத்தவில்லை. இதயத்தை ஓர் ஊருக்குக் கொடுத்தார். உழைப்பின் பயனை மற்றோர் ஊருக்குக் கொடுத்தார். 250 ஆண்டுகளுக்கும் மேலாக, அவர் மொழியையும் பெயரையும் அறியாத மக்கள் அம்மலைக்கு ஏறி வருகின்றனர்.

எரேமியா இறைவாக்கினர் பாபிலோனில் இருந்த மக்களுக்கு எழுதிய மடலின் கருத்தும் இதுவே. நாடுகடத்தப்பட்ட நகரில் வீடு கட்டி, தோட்டம் இட்டு, அந்நகரின் நலனுக்காக மன்றாடும்படி அவர் அறிவுறுத்தினார். எருசலேமை மறக்கச் சொல்லவில்லை. எருசலேமை நினைத்துக்கொண்டே பாபிலோனைப் புறக்கணிக்கவும் விடவில்லை.

நாம் இன்று குடியிருக்கும் தெருவும் யாரோ ஒருவர் விட்டுச்சென்ற ஊரே. கோவையிலோ பெங்களூரிலோ கடல் கடந்த நாட்டிலோ, நாம் வாழும் வீட்டின்முன் ஒருநாள் அவ்வூரின் பழைய மனிதர் ஒருவர் வந்து நின்று பெருமூச்சு விடக்கூடும். அவர் கண்ணில், வந்து சேர்ந்த மாற்றம் நாமே. அவர் இழந்த குளத்தைப் பற்றி அவருக்கு நாம் என்ன விடை சொல்வோம்? எஞ்சிய மரத்தையும் கால்வாயையும் காப்பதில் நம் பங்கு என்ன என்று கேட்டால் எதைக் காட்டுவோம்?

எனவே, நேசித்த ஊருக்குத் திரும்பிச் செல்வோர் செல்லட்டும். இயன்றால் பழைய நண்பர்களோடு செல்லட்டும். கண்ணீர் வந்தால் அதற்காக நாண வேண்டியதில்லை. ஆனால் ஊரைப் பற்றிப் பேசுமுன், அங்கேயே இருந்தவர்களைப் பேசவிட்டுக் கேட்போம். அவர்கள் தாங்கிய கோடைகளுக்கும் வெள்ளங்களுக்கும் நன்றி சொல்வோம். நாம் கண்ட நீர்நிலைகளைப் பற்றி இளையோருக்கு உள்ளது உள்ளபடி எடுத்துரைப்போம். அதன்பின் வாழும் ஊருக்குத் திரும்பி வந்து, நம் தெருக் கிணற்றில் தூர் எடுக்க வருமாறு அண்டை வீட்டார் அழைத்தால், மறுக்காமல் செல்வோம். விட்டு வந்த ஊரின்மேல் நாம் கொண்ட அன்பு உண்மையானதா என்பதை, வாழும் ஊரில் நாம் செய்யும் இவ்வகைச் சிறு வேலைகளே எடுத்துச் சொல்லும்.