மணநிலையும் மனநிறைவும்

மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இரண்டு களங்களிற் கழிக்கின்றான். ஒன்று இல்லம், மற்றையது தொழில். ஒன்றிலே காணும் நிறைவு மற்றொன்றிலும் படருமா, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யுமா என்ற வினா மிகப் பழையது. அண்மைக் காலத்திற் சமூகவியலாளரும் உளவியலாளரும் அதனை எண்களின் துணைகொண்டு ஆராயத் தலைப்பட்டுள்ளனர். மணமானவர், மணமாகாதவர், மணமுறிவு பெற்றவர், துணையை இழந்தவர் என மக்களை வகுத்து, எவ்வகையினர் தம் தொழிலிலும் வாழ்விலும் மிகுந்த நிறைவு காண்கின்றனர் என வினவுகின்றனர். இவ்வினாவின் அடியிலே இன்னொரு வினா இருக்கின்றது. ஒருவருடைய மணநிலையைக் கொண்டு அவருடைய வாழ்வை அளக்க முடியுமா? முடியுமாயினும் அது முறையாகுமா? இக்கட்டுரை அந்த ஒழுக்கவியல் வினாவையே எடுத்துக்கொள்கின்றது.

இது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. தூரத்துப் பாடசாலை ஒன்றில் வெற்றிடம் ஏற்பட்டால், "அவர் தனி ஆள்தானே, போகட்டும்" என்று மணமாகாத ஆசிரியரைச் சுட்டுகின்றோம். மணமான பெண் ஒருவர் பொறுப்பான பதவிக்கு விண்ணப்பித்தால், "குடும்பத்தை யார் பார்ப்பது?" என்று கேட்கின்றோம். வயது ஏறியும் மணம் முடிக்காதவர் எத்துணைத் திறமையுடன் தொழில் புரியினும், அவருடைய வாழ்விலே ஏதோ ஒன்று குறைவதாகவே பேசிக்கொள்கின்றோம். இம்மூன்று இடத்தும் நாம் செய்வது ஒன்றே. ஒருவருடைய மணநிலையை அறிந்தவுடன் அவருடைய மனநிலையையும் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றோம்.

எண்கள் இதற்கு எவ்வளவு இடந்தருகின்றன என்பதை முதலில் நோக்குவாம். மணமானவர் சராசரியாக ஓரளவு கூடிய வாழ்க்கை நிறைவைத் தெரிவிக்கின்றனர் என்பது பல நாடுகளிலே கண்டறியப்பட்ட செய்தியாகும். ஆனால் 2003 ஆம் ஆண்டில் றிச்சட் லூக்காசும் அவருடைய துணையாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு இச்செய்தியை வேறொரு கோணத்திற் காட்டிற்று. ஜேர்மனியில் 24,000 பேருக்கு மேற்பட்டோரை 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய தரவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். மணத்தையொட்டி உயர்ந்த நிறைவு, காலப்போக்கிற் சராசரியாகப் பழைய நிலைக்கே மீண்டது. மணமாகி நிலைத்து வாழ்ந்தோர் மணத்துக்கு முன்னரே ஏனையோரைவிட நிறைவு மிக்கவராய் இருந்தனர். துணையை இழந்தோர் பழைய நிலையை அணுகப் பல ஆண்டுகள் சென்றன. இவற்றினும் முக்கியமானது, ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாடு பெரிது என்பதாகும். மணம் சிலரை நெடுங்காலத்துக்கு உயர்த்திற்று. வேறு சிலரைத் தாழ்த்திற்று. சராசரி என்பது இவ்விரு சாராரையும் கூட்டிப் பெற்ற எண். அந்த எண்ணைக்கொண்டு நம்முன் நிற்கும் ஒருவருடைய உள்ளத்தை அறிதல் இயலாது.

ஆகவே எண்களை ஒருபுறம் வைத்து, ஒரு வாழ்வினை அணுகி நோக்குதல் தகும். அதற்கு ஏற்றதொரு வாழ்வின் திருப்பம், மகாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையிலே, மூதூரிலே நிகழ்ந்தது.

1659 ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், செப்பனிடுதற்பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஏப்பிரலில் அக்கப்பலின் தலைவரும், அவருடைய மகன் றொபேட் நொக்சும், மாலுமிகள் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தலைவர் புளியமரமொன்றின் நிழலில் இருந்தபோது பிடிபட்டார் என்பர். மகனுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கழித்தார். 1681 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் இலங்கை வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்ததே. அந்நூலைப் பொதுவாக அக்கால ஆட்சி, சமயம், வேளாண்மை என்பவற்றை அறியவே படிக்கின்றோம். நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கும் அதிற் சான்று உண்டு.

இராசசிங்கன் கைதிகளைக் கூட்டில் அடைக்கவில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்து வைத்தான். ஊரார் அவர்களுக்கு உணவளிக்க வேண்டுமென விதித்தான். கைதிகள் தொழில் செய்யலாம், பொருள் ஈட்டலாம், மணமுடிக்கலாம். நாட்டைவிட்டு வெளியேறுதல் மட்டும் கூடாது. மணமுடித்துப் பிள்ளைகுட்டிகளுடன் வாழ்பவன் ஓடிப்போகான் என்பது ஆள்வோர் கணிப்பு. வேற்றுச் சமயப் பெண்களை மணத்தல் தகுமா என்று கைதிகள் தமக்குள் வாதித்தனர். தகும் என்றே பலரும் முடிவு கண்டனர். அவர்களுடைய நியாயங்களை மறுக்க நொக்சினால் இயலவில்லை. ஆயினும் அவ்வழியே செல்ல அவருடைய உள்ளம் இசையவில்லை.

அவர் தொழிலில் தோற்றவரல்லர். தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி பெற்றார். தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்தே ஆங்கில விவிலியப் பிரதியொன்றைப் பெற்றார். எலதெத்த என்ற ஊரிலே நிலம் வாங்கி வீடு கட்டினார். மணமாகாத ஆங்கிலேயர் நால்வர் அங்கு ஒன்றாய் வாழ்ந்தனர். தனித்திருப்போருக்கு மட்டுமே அவ்வீட்டில் இடம் என்பது அவர்களிடையே இருந்த உடன்படிக்கை. சில காலத்தின் பின், விடுதலை கிட்டும் என்னும் நம்பிக்கை குன்ற, அவர்களுள் இருவர் மணமுடித்து உடன்படிக்கைப்படி விலகிச் சென்றனர். எஞ்சியவர் நொக்சும் ஸ்ரீவன் றட்லண்டும். இவ்விருவரே சில்லறை வணிகராய் வடக்கு நோக்கித் திரிந்து வழி அறிந்தனர். 1679 செப்ரெம்பரிற் புறப்பட்டு, அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவின் வழியே சென்று, ஒக்ரோபர் 18 ஆம் நாள் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து விரைந்து பெறக்கூடிய பாடம் ஒன்றுண்டு. மணம் தளை, தனிமை விடுதலை, ஆதலால் இலட்சியமுடையோன் தனித்திருத்தல் வேண்டும் என்பதே அது. இப்பாடம் பிழையானது. மணமுடித்துச் சென்ற இருவரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் நாடு திரும்பும் ஆசையைக் கைவிட்டுத் தம் முன் இருந்த வாழ்வை ஏற்றனர். மனைவியும் மக்களும் வயலும் உள்ள வாழ்வு அது. அவ்வாழ்விலே அவர்கள் நிறைவு கண்டிருப்பின், அந்த நிறைவைப் போலி என்று தள்ள நமக்கு யாது உரிமை? மீள இயலாத ஊரைக் கனவு கண்டு காலத்தைக் கழிப்பதினும், வந்து சேர்ந்த ஊரைச் சொந்த ஊராக்கிக் கொள்வது அறிவுடைமை எனவும் வாதிடலாம்.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. வறுமையிலும் அடக்குமுறையிலும் நெடுங்காலம் வாழ்வோர், கிடைக்கக்கூடிய சிறிதளவுக்கேற்பத் தம் ஆசைகளைச் சுருக்கிக் கொள்வர்; ஆதலால் அவர்கள் தெரிவிக்கும் நிறைவை அவர்களுடைய நலத்தின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியுள்ளார். கைதியின் நிறைவு சிறைக்காரனுக்கும் வசதியானது. இராசசிங்கனின் கணிப்பு இதனையே அடிப்படையாகக் கொண்டது. நொக்ஸ் தம் நிறைவின்மையை ஒரு விளக்கைப்போலக் காத்து வந்தார். தொழிலிற் பொருள் ஈட்டியும், வீடு கட்டியும், 'இது போதும்' என்ற சொல்லை மட்டும் அவர் தமக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அவருடைய தொப்பிகளும் நெல்லும் அவருக்கு முடிவுகளல்ல, வழிச்செலவுக்கான சேமிப்பு. ஒருவருடைய வாழ்வில் நிறைவின்மையும் ஒரு பேறாக அமையலாம் என்பதை இதிலிருந்து உணர்கின்றோம்.

எனவே எலதெத்த வீட்டு நால்வருக்கும் இடையே இருந்த வேறுபாட்டை மணநிலை விளக்கவில்லை. எதனை நாடி வாழ்வது என்பதில் அவர்கள் முதலிற் பிரிந்தனர். அப்பிரிவின் வெளித்தோற்றமே மணமும் தனிமையும். காரணத்தையும் அடையாளத்தையும் நாம் மாற்றிக் காண்கின்றோம். ஒருவர் மணமானவர் என்பதனால் நிறைவு கொள்கின்றார் எனவும், மணமாகாதவர் என்பதனால் வாடுகின்றார் எனவும் கூறும்போது, அவர் எதனை நாடுகின்றார் என்ற கேள்வியையே கேளாது விட்டுவிடுகின்றோம்.

தனித்திருந்தவர் பற்றற்றிருந்தார் என எண்ணுவதும் தவறு. சக கைதி ஒருவருடைய மகளான லூசியா என்ற சிறுமியை நொக்ஸ் தம் பொறுப்பில் வளர்த்தார். எலதெத்த நிலத்தை அவளுக்கே உரியதாக்கினார். நாடு திரும்பியபின் கப்பல் தலைவராய்ப் பணியாற்றி, 1720 இல் மணமாகாதவராகவே இறந்த அவருக்குக் கண்டி நாட்டிலே ஒரு மகள் இருந்தாள் எனலாம். திருக்குறள் அறத்துப்பாலில் இல்லறத்துக்கும் துறவறத்துக்கும் தனித்தனி இயல்கள் அமைந்துள்ளன. இல்வாழ்வானின் பெருமையை வள்ளுவர் அவன் எவரெவரைத் தாங்குகின்றான் என்பதைக் கொண்டே நிறுவுகின்றார். அவ்வளவுகோலின்படி நோக்கின், மணமாகாதவரும் தாங்குவோராய் இருத்தல் கூடும். மணமானவரும் எவரையும் தாங்காதவராய் இருத்தல் கூடும்.

இங்கு ஒரு தடை எழும். நொக்சின் வாழ்வு கைதியின் வாழ்வாயினும், மணப்பதா தனித்திருப்பதா என்பதைத் தெரியும் உரிமை அவருக்கு இருந்தது. வயதான பெற்றோரோ வளராத தம்பி தங்கையரோ அவருடைய உழைப்பை எதிர்பார்த்து அந்நாட்டில் இருக்கவில்லை. சூழ்நிலை அவ்வளவு இடங்கொடாதவர் நிலை யாது? இத்தடைக்கு விடைகாண அதே மூதூருக்கு மீளவேண்டும். நம் காலத்து மூதூருக்கு.

நொக்ஸ் கடல்வழி வந்து அகப்பட்ட அப்பிரதேசத்திலிருந்து பல்லாண்டுகளாகப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்று வருகின்றனர். உள்நாட்டுப் போரும், 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலையும், 2006 இல் நிகழ்ந்த மோதலும் இடப்பெயர்வும் அங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் நிலையைக் குலைத்தன. பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைக்கும் வழக்கம் கிழக்கிலங்கையில் ஆழ வேரூன்றியது. ஆகவே கடல் கடந்து உழைக்கும் தாயோ தமக்கையோ ஒரு கல்வீட்டுக்காக உழைக்கின்றார். அவ்வீடு மகளுடைய அல்லது தங்கையுடைய மணத்துக்காக எழுகின்றது. இத்தகைய ஒருவரிடம் சென்று, "உமது தொழில் உமக்கு நிறைவு தருகின்றதா?" என வினவினால் அவர் யாது கூறுவார்? தொழில் கடினமானது, ஆனால் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று என்பார். தொழில் நிறைவு, வாழ்க்கை நிறைவு என நாம் இரண்டு நிரல்களாகப் பிரித்து எழுதுவது அவருடைய மனத்திலே ஒரே கணக்காக இருக்கின்றது.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் வரலாறு நாடறிந்தது. வறிய குடும்பத்தைத் தாங்கும்பொருட்டு 2005 இற் சவூதி அரேபியாவுக்குச் சென்றபோது அவருக்கு வயது பதினேழு. கடவுச்சீட்டிலே வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. அவருடைய பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்தமைக்காக அவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை 2013 ஜனவரி 9 ஆம் நாள் நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டில் இலங்கை அரசு, வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கோரும் முறையை ஏற்படுத்திற்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிக்குச் செல்வது தடுக்கப்பட்டது. தந்தையரிடம் இத்தகைய அறிக்கை எதுவும் கோரப்படவில்லை. 2022 இல் இவ்விதி தளர்த்தப்பட்டது.

சிறு குழந்தைகளின் நலன் பற்றிய கவலை நியாயமானதே. தாயைப் பிரிந்த பிள்ளையின் துயரம் கற்பனையன்று. ஆயினும் ரிசானா தாயல்லர், மணமாகாத சிறுமி. அவருடைய துயரத்துக்கு வழிவகுத்தவை வறுமையும், பொய் வயது எழுதியோரின் பேராசையும், மொழி தெரியாத நாட்டிலே துணையின்மையுமாகும். ஒரு பெண்ணின் மணநிலையும் தாய்மையும் கேட்டறியத்தக்க எளிய செய்திகள். ஏழ்மையும் ஏமாற்றும் அவ்வளவு எளிதிற் படிவத்தில் அடங்குவன அல்ல. அரசும் நம்மைப் போலவே எளிதில் அறியக்கூடியதைக் கொண்டு, அறிய அரியதை அளக்க முற்பட்டது.

இனி, தொடக்கத்திற் கூறிய ஆசிரியரிடமும் விண்ணப்பித்த பெண்ணிடமும் மீள்வோம். ஒருவருடைய வாழ்வு நிறைவானதா என்பதை அறிய விரும்புவோர் மணநிலையைக் கேட்பதிலும் பயனுள்ள வினாக்கள் மூன்று உள. இவர் இருக்கும் நிலை இவராலே தெரிந்துகொள்ளப்பட்டதா, சுமத்தப்பட்டதா? இவருடைய உழைப்பு யாரைத் தாங்குகின்றது? இந்நிலையை மாற்ற இவர் விரும்பினால் அதற்கு வழி திறந்திருக்கின்றதா? எலதெத்தவில் மணமுடித்துச் சென்ற இருவருக்கும் தங்கிய இருவருக்கும் இவ்வினாக்களை இட்டுப் பார்த்தால், நால்வரும் மதிக்கத்தக்கவராகவே தோன்றுவர். 'தனி ஆள்தானே' என்று தூரத்துக்கு அனுப்பப்படும் ஆசிரியருக்கு இவ்வினாக்களை இட்டுப் பார்த்தால், அவர் நோயுற்ற தாயொருவரைத் தாங்குபவர் என்பது தெரியவரலாம். பதவிக்கு விண்ணப்பித்த பெண் தம் குடும்பத்தோடு கலந்து தெளிந்த முடிவுடனேயே வந்திருக்கின்றார் என்பதும் தெரியவரலாம்.

இவற்றைக் கேட்டறிவதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். ஆயினும் பிறருடைய வாழ்வைப்பற்றித் தீர்மானம் எடுக்கும் இடத்தில் இருப்போர்க்கு அது கடமையாகும். பல்கலைக்கழகத்தினின்று வெளியேறும் மாணவர் பலர் நாளை அதிபராகவும் அலுவலராகவும் அவ்விடத்தில் அமரப் போகின்றவர். அவர்முன் வைக்கப்படும் படிவத்திலே மணநிலைக்கு ஒரு கட்டம் இருக்கும். அக்கட்டம் ஒரு செய்தியைத் தருவது, தீர்ப்பினைத் தருவதன்று.